கட்டிலில் அடங்கிய கால்கள்

கதவு சாத்திக்கொண்ட சத்தம் பிரமாதமாக இருந்தது. கனமான, பணக்காரச் சத்தம். எங்கள் ஆபீஸ் கதவு சாத்தினால் தகர டப்பாவை எட்டி உதைத்த மாதிரி இருக்கும். இப்படி ஒரு கதவு நமக்கு எப்போது வாய்க்கும் என்று ஏங்கிக்கொண்டே கைப்பிடியைத் தேடினேன். உட்பக்கம் கைப்பிடியே இல்லை.

“அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். இந்த வீட்ல குடியிருக்கிறவங்க வெளிய போகணும்னா என்ன பண்ணுவாங்க?”

“போக மாட்டாங்கடா” என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். “நாமளும் போகக் கூடாதுன்னுதான் உள்ள விட்டிருக்கான்.”

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, என் முதலாளி. துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். மேடம் என்று கூப்பிட்டால் லீவு கேட்கப் போகிறேன் என்று புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் அக்கா.

எங்களை உள்ளே விட்டவர் மேனேஜர். சிரித்துக்கொண்டே வரவேற்று, மாதிரி வீட்டுக்குள் போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லி இருவரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடிக்கு அழைத்து வந்து, “சார் உள்ளதான் இருக்கார், நீங்களே பேசிக்கோங்க” என்று பூப்போலக் கதவைச் சாத்திவிட்டார்.

சார் என்பது அரண்மனை. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, ஆனால் அதை ஊர் மறந்துவிட்டது. அடுக்குமாடி கட்டி விற்கிற பெரிய முதலாளி. செய்கிற கூத்துக்கு அளவே கிடையாது. லாரி மேல் குளியல் தொட்டி வைத்து, அதில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து கடைத்தெரு முழுக்க ஊர்வலம் போனவர். ராஜா வேஷத்தில் கிரேனில் தொங்கிக்கொண்டு, இன்னும் கட்டாத வீடுகளின் சாவியைக் கூட்டத்தின் மேல் வாரி இறைத்தவர். கூட்டம் “அரண்மனை!” என்று கத்தினால் போதும், தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஜனங்களுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். பணம் கட்டிச் சாவியோடு காத்திருக்கிறவர்களுக்கு வீடு எங்கே என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. சமீபத்தில்தான் சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவர் இந்தப் புதுக் கூத்தைத் தொடங்கினார். பாதி கட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து ஒரு மாதிரி வீடு. கடைசி வீடு விற்கிறவரை கீழே இறங்க மாட்டேன், என் வாழ்க்கையை எல்லாரும் பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டு உள்ளே குடியேறிவிட்டார். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. அவர் பல் தேய்த்தால் கைதட்டல். படுத்தால் விசில். இன்று விசேஷம் வேறு: இருட்டியதும் இந்த வீட்டிலிருந்தே வாணவேடிக்கை.

இதில் கைதட்டாத ஒரே ஆள் அவருடைய மகள். பல் டாக்டர். காலையில் எங்கள் ஆபீஸுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“தினம் போய்க் கீழ நிக்கிறேன் மேடம். எல்லாருக்கும் கை காட்ற மாதிரி எனக்கும் காட்றார். எங்கப்பா எனக்குக் கை காட்ட மாட்டார். எந்த மேடையில இருந்தாலும் என்னைப் பார்த்தா காதைப் பிடிச்சு இழுத்துப்பார். சின்ன வயசுலேர்ந்து எங்களுக்குள்ள அதுதான் பேச்சு. போன் பண்ணா மேனேஜர்தான் எடுக்கறார். அப்பாவை யாரோ அடைச்சு வெச்சு ஆட்டி வைக்கறாங்க. வெளிய கொண்டு வந்துடுங்க.”

கொண்டு வருகிறேன் என்று அக்கா சொன்னார். அப்படித்தான் வீடு வாங்க வந்த அக்கா தம்பியாக நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். வரவேற்பறையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “உங்க சார் பெத்த பொண்ணையே கண்டுக்க மாட்டாராமே?” என்று மேனேஜரிடம் கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரிப்பு அப்போதுதான் ரொம்ப இனிமையானது.

“உன் வாய் இருக்கே” என்றார் அக்கா இப்போது. “அதைத் தனியா ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டணும்.”

“வெச்சாச்சேக்கா. கூட நீங்களும் நானும்.”

கண்ணாடியோரம் அரண்மனை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பட்டு அங்கி, உயரத் தொப்பி. நான் மரியாதையாகச் சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி. சோபா எதிர்பார்த்த இடத்தில் இல்லை, இன்னும் கீழே இருந்தது. முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டது.

“என்னக்கா இது, ஸ்கூல் பிள்ளைங்க சோபாவா?”

அக்கா சாப்பாட்டு மேஜையைத் தன் இடுப்போடு ஒட்டி நின்று அளந்தார். அலமாரியை அளந்தார். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார். முகத்தில் ஒரு பழைய கோபம்.

“நான் வீடு வாங்கின கதை சொல்லிருக்கேன்ல? மாதிரி வீட்டைப் பார்த்தப்ப படுக்கை ரூம் மைதானமாட்டம் இருந்துச்சு. வாங்கிட்டு வந்து என் கட்டிலைப் போட்டா கதவே சாத்தலை. இவங்க வித்தையே அதான். கட்டில், சோபா, மேஜை எல்லாத்தையும் அளவு குறைச்சுச் செய்வாங்க. சாமான் சின்னதா இருந்தா ரூம் பெருசாத் தெரியும்.”

“அதுக்கு இப்ப என்னக்கா?”

“தினம் இந்தக் கட்டில்லதானே இவர் படுக்கறார்? ஊரே பார்க்குதுல்ல? கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்ததா யாராவது சொன்னாங்களா?”

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எந்தக் கட்டிலிலும் அப்பா குறுக்காகத்தான் படுப்பார், அவ்வளவு உயரம் என்று டாக்டரம்மா காலையில் சொல்லியிருந்தார்.

“சாமான் சின்னதா இருந்தா ரூம் மட்டும் பெருசாத் தெரியாது” என்றார் அக்கா. “ஆளும் உயரமாத் தெரிவான். கீழேர்ந்து பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும்? என்னங்க, கொஞ்சம் இப்படித் திரும்பறீங்களா?”

அவர் திரும்பினார். என் தோளுக்கு இருந்தார். மீசையின் ஒரு முனை பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

“பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா” என்றார் மெல்ல. “ஆனா நீங்க கேட்டுட்டீங்க.”

துணிக்கடை வாசலில் ராஜா வேஷம் போட்டு அசையாமல் சிலையாக நிற்கிற வேலை அவருக்கு. ஒரு வாரம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று மேனேஜர் கூட்டி வந்தாராம். வாரம் போனது, கதவு திறக்கவில்லை. சாப்பாடு மட்டும் கதவில் இருந்த சின்னத் திறப்பு வழியாக வந்தது.

“கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன் சார். கீழ எல்லாரும் கைதட்டினாங்க. அழுதேன். அதுக்கு இன்னும் ஜோராத் தட்டினாங்க.” அவர் அங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வெளிய இருக்கறப்போ சிலையா நின்னா ஆள்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இங்க நான் ஆளா இருந்தும் யாருக்கும் தெரியலை.”

 நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடி மேல் முழு பலத்தோடு அடித்தேன். நாற்காலி அப்பளமாக நொறுங்கியது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கீழே ஆரவாரம். நான் தொண்டை கிழியக் கத்தினேன், கையை ஆட்டினேன், கும்பிட்டேன். முன்வரிசையில் ஒரு குடும்பமே எனக்குத் திருப்பிக் கும்பிடு போட்டது. கூட்டத்தின் நடுவில் மஞ்சள் குடையோடு டாக்டரம்மா. அவரும் ஏதோ திட்டத்தின்படிதான் நாங்கள் குதிக்கிறோம் என்று நம்பி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

“அக்கா, நம்மளைக் கொன்னாக்கூடக் கைதட்டுவாங்க போலிருக்கு.”

“அதுக்குத்தான் ஏற்பாடு நடந்திருக்கு. இங்க வா.”

அக்கா சமையலறை அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். தட்டு இல்லை, டம்ளர் இல்லை. அடுக்கடுக்காக வெடிப் பெட்டிகள். கட்டிலுக்கு அடியிலும் அதே. குளிர்சாதனப் பெட்டி வெறும் அட்டைக்கூடு, அதன் வயிறு நிறைய ராக்கெட். எல்லாவற்றையும் கோர்த்துக்கொண்டு ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாக ஓடியது.

“வாணவேடிக்கை மொட்டை மாடியில இல்லையா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“இங்கதான். இருட்டினதும் கீழேர்ந்து பொத்தானை அமுக்குவாங்க. இந்த வீடு நிமிஷத்துல எரிஞ்சு போயிடும். உள்ள இருந்தது யார்னு அடையாளம் தெரியாது. ஆனா ஊரே சாட்சி சொல்லும், அரண்மனைதான் இருந்தார், பாவம், கூத்தடிச்சே செத்தார்னு. கூட வீடு பார்க்க வந்த ரெண்டு அப்பாவிங்க.”

சிலைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

“மேனேஜர் படுபாவி!” என்றேன். “முதலாளியை எங்கியோ அடைச்சுட்டு, இங்க அவர் செத்ததா கணக்கு முடிக்கப் பார்க்கறான்.”

அக்கா சிலைக்காரர் பக்கம் குனிந்தார். “இந்தத் தொப்பி சுத்தறதை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“ஒரு ஐயாதாம்மா. நல்ல உயரம். முகத்தை மூடியிருந்தார். என் மணிக்கட்டைப் பிடிச்சுச் சுத்திக் காமிச்சார். சரியா வரலைன்னு ரொம்பக் கோவம். ‘ஜனங்க முகத்தைப் பார்த்துச் சுத்துய்யா’ன்னு திட்டினார்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

“அடைச்சு வெச்ச ஆள் வந்து பாடம் எடுப்பாரா?” என்றார் அக்கா. “வீடு எங்கேன்னு கேக்கறவங்ககிட்டேர்ந்து தப்பிக்க, தானே செத்ததாக் காட்டப் பார்க்கறார்.”

பிறகு கண்ணாடிக்குப் போய்க் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அத்தனை முகமும் எங்க பார்க்குது?”

“நம்மளை.”

“ஒண்ணைத் தவிர.”

அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தில் எல்லாத் தலைக்கும் மேலே ஒரு தலை. சாதாரணத் துணித் தொப்பி, தடித்த மூக்குக்கண்ணாடி, மழித்த முகம். அவர் மேலே பார்க்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக, ருசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சிரிக்கிறார்கள், யார் வாய் பிளக்கிறார்கள் என்று. தன் சாவுக்கு எவ்வளவு கூட்டம் சேரும் என்பதைப் பார்க்காமல் ஓடிப்போக அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

மஞ்சள் குடை அவருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மகள் அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லா முகத்தையும் பார்த்தார், அந்த ஒரு முகத்தைத் தாண்டிப் போனார். நான் கண்ணாடியைக் குத்தினேன், “பக்கத்துல பாரும்மா!” என்று அலறினேன். டாக்டரம்மா எனக்கு மறுபடி கட்டை விரலைக் காட்டினார். கண்ணெதிரே எல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது என்ன கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆத்திரத்தில் அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்து இழுத்தேன்.

“டேய், யோசிச்சு—” என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் ஒயர் அறுந்து கையோடு வந்தது. நல்லவேளை, ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் கூடவே சுவரும் கொஞ்சம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில், ஒயர் நுழைகிற ஓட்டையைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குப் பிய்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் படிக்கட்டு தெரிந்தது.

அக்கா ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடிமன் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளாக அவர் அப்படிச் சிரித்ததில்லை.

“அட்டைடா! மேல சுண்ணாம்பு பூசின அட்டை! கதவை எல்லாரும் தட்டிப் பார்ப்பாங்க, அதனால கதவு நிஜம். கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பாங்க, அது நிஜம். சுவரை யார் தட்டிப் பார்க்கிறா? ஜெயில் கட்டணும்னு முடிவு பண்ணப்புறமும் செங்கல் வைக்கக் கை வரலை பாரு அந்த மனுஷனுக்கு!”

“நான் இத்தனை நாளும் இதுல சாய்ஞ்சுதான் அழுதேன்” என்றார் சிலைக்காரர், நம்ப முடியாமல். “சுவர்னு நெனச்சேம்மா.”

“வீடு வாங்கினவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. உதைங்க.”

முதல் உதையை அவருக்கே விட்டுக்கொடுத்தோம். அவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்த உதையில் நான்கு பேர் நுழைகிற வழி கிடைத்தது. காவலுக்கு ஆளே இல்லை, எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கீழே போயிருந்தார்கள். படிக்கட்டில் அந்த ஒயரின் மீதியைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். அது தரைத்தளத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் போய் முடிந்தது. இருட்டட்டும் என்றுகூட அவர் காத்திருக்கவில்லை. மடியிலிருந்த பெட்டியின் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி அமுக்கினார். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.

“கரெண்ட் வரலையா சார்?” என்றேன் காதோரமாக.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்து அதிர்ந்ததைவிட, என் பின்னால் பட்டு அங்கியில் சுண்ணாம்புத் தூள் மூடி நின்ற சிலைக்காரரைப் பார்த்துத்தான் அவருக்கு வியர்த்தது. ஸ்டூலோடு சாய்ந்தார். வாட்ச்மேன் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் மேனேஜரின் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு சொந்தக் கோபம் தெரிந்தது. அவருக்கும் ஒரு சாவி கிடைத்திருக்கிறது போல. எங்கள் போன்கள் மேனேஜரின் பையிலேயே இருந்தன. அக்கா போலீசுக்குப் பேசிவிட்டு, கீழே விழுந்த ஸ்டூலைப் பார்த்தார்.

“அதை எடுத்துக்கிட்டு வாடா.”

நாங்கள் வெளியே வந்ததும் கூட்டம் பைத்தியமாகிவிட்டது. மூன்றாவது மாடியில் இருந்தவர் தரையில் நடந்து வருகிறார்! வழி விட்டார்கள். அக்கா நேரே மஞ்சள் குடையிடம் போனார்.

“டாக்டரம்மா, இவர் உங்க அப்பா இல்லை.”

சிலைக்காரர் மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றார். டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப எங்கப்பா எங்க? உயிரோட இருக்காரா?”

“இருக்கார்மா.”

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் சேதியில் பாதிதான் சொல்லப்பட்டிருந்தது. மீதியை அக்காவாலும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பார்த்தார், அவ்வளவுதான். டாக்டரம்மாவும் பார்த்தார்.

துணித் தொப்பிக்காரர் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் பின்னால் கூட்டம் கல் மாதிரி நின்றது. மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் காதைப் பிடித்து லேசாக இழுத்துக்கொண்டாள்.

அவர் வேறெங்கோ பார்த்தார். “யாரும்மா நீங்க? ஆள் மாறிப் போச்சு” என்றார், உதட்டை அதிகம் பிரிக்காமல். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று. டாக்டரம்மாவின் கை காதிலிருந்து கீழே இறங்கியது.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். “தம்பி, உன் வாய்க்கு வேலை வந்திருக்கு.”

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, எதையும் நினைக்காமல் கத்தினேன்.

“அரண்மனை!”

கூட்டம் அதற்காகவே காத்திருந்த மாதிரி வாங்கிக்கொண்டது. “அரண்மனை! அரண்மனை!” தெருவே அதிர்ந்தது. எல்லோரும் சிலைக்காரரைப் பார்த்துத்தான் கத்தினார்கள். சிலைக்காரர் கையை உயர்த்தவே இல்லை. மீசையைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாகவே நின்றார்.

ஆனால் அவருக்கு ஐந்தடி தள்ளி ஒரு நீளமான கை மேலே போனது. துணித் தொப்பியைக் கழற்றியது. தலைக்கு மேல் ஒரு சுற்று, அழகாக, ஜனங்களின் முகத்தைப் பார்த்துச் சுற்றியது. முகத்தில் அந்தப் பழைய சிரிப்புக்கூட வந்துவிட்டது. பாதிச் சுற்றில்தான் தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

 அப்புறம் தெரு இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். இதுவும் அவருடைய கூத்துதான் என்று நினைத்துவிட்டார்கள். இதுவரை செய்ததிலேயே பிரமாதமான கூத்து! வீட்டுக்குக் காத்திருப்பவர்கள், சாவி வைத்திருப்பவர்கள், எல்லோரும் அவரைத் தொட்டுப் பார்க்க நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு பக்கமும் இடைவெளி இல்லை.

மகள் மட்டும் கைதட்டவில்லை.

“நானும் கூப்பிட்டேனேப்பா” என்றாள். குரல் உயரவில்லை. அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “நான் கூப்பிட்டப்ப உங்க கை வரலையே.”

அவள் குடையை மடக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தாள். அவர் உயரத்துக்கு, அவள் போவது தெருமுனை வரை தெரிந்திருக்கும். அவருடைய கை இன்னும் தொப்பியோடு மேலேயே நின்றது. கூட்டம் கைதட்டுவதை நிறுத்தவில்லை.